வேர்க்கிற செவரு

சாயாத... சாயாதத்தா! ஐயோ, அந்தச் செவத்துல சாயாதங்குறேன்ல! போச்சு. இங்கிட்டுத் திரும்பு. முதுகு பூராம் ரோஸ் பெயிண்டு அப்பிக்கிருச்சு பாரு. நல்லவேளை, வேலைக்குக் கட்டிட்டுப் போற சேலையில்ல, நைட்டிதேன். தொவைச்சாப் போயிரும். போகலைன்னா... சரி விடு, நைட்டிய ஆரு பாக்கப் போறா.

இங்கன ஸ்டூல்ல உக்காரு. தொட்டி நெறையட்டும். கரண்டு இப்பத்தேன் வந்துச்சு, மோட்டாரப் போட்டுட்டேன், செத்த நேரத்துல ரெம்பிரும். சோப்பு டப்பாவையும் துண்டையும் அப்பிடி வையி. ஒன் பாத்ரூம ஒடைச்சுப் போட்டானே ஒங்க ஓனரு வேல்பாண்டி, இன்னும் பூசித் தரலையாக்கும்? வாடகை வாங்க மட்டும் விடியுமுன்ன வந்து நிப்பான். ஒரு வாரமா ஒரு பொம்பளப்புள்ள சோப்பு டப்பாவத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்குக் குளிக்க வருதேன்னு அவனுக்கு ஒரு கூச்சம் வேணாம்? என்னத்தா? ஆமா, நாஞ்சொல்லித்தேன் ஒடைச்சான். இல்லைங்கலை. ஒடைக்கச் சொன்னது நானு. ஒட்டுறதுக்குமா நானே சொல்லணும்?

கோவிச்சுக்காத ஜான்சி. ஒன்னையச் சொல்லலை. தேனி பஜாருல கடை வச்சிருக்கிற குடும்பத்துலருந்து வந்து, கல்யாணம் முடிச்ச கையோட எங்க குச்சனூருல குடியிருக்க. ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டேங்குற. ஒன்னைய மாதிரிப் புள்ள கெடைக்காது. ஆனா செவரு பொய் சொல்லாதுல்ல? கையை வச்சுப் பாரு. வையி, கடிச்சிராது. எப்பிடி இருக்கு? தவளை முதுகத் தொட்ட மாதிரி இல்ல? மழை பேஞ்சு எம்புட்டு நாளாச்சு! கத்திரி வெயிலு இப்பத்தேன் முடிஞ்சிருக்கு. தெருவுல புழுதி பறக்குது. என் வீட்டுச் செவரு மட்டும் வேர்த்து வடிஞ்சுக்கிட்டு நிக்கிது. எங்கிட்டிருந்து வருது இம்புட்டுத் தண்ணி? செவத்துக்கு அந்தப் பக்கம் சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் ஒன் பாத்ரூமு. வேற என்ன இருக்கு? நீயே சொல்லு.

ம்... ஒடைச்சுப் பாத்ததுல காஞ்சுதேன் கெடந்துச்சு. பைப்பு ஒழுகலை. அந்தப் பிளம்பரு மண்ணைக் கையில அள்ளிக் காமிச்சான், பொரிகடலை மாவாட்டம் உதுந்துச்சு. இருக்கட்டும்! அதுக்காக? தண்ணிக்கா வழி தெரியாது? அது எங்கிட்டாச்சும் பூந்து எங்கிட்டாச்சும் வரும்.

எனக்குச் செவரு போனாக்கூடப் பெருசில்லத்தா. எங்க வீட்டுக்காருல்ல போயிட்டாக!

ஐயோ, அப்பிடிப் பாக்காத. நல்லாத்தேன் இருக்காக. குத்துக்கல்லாட்டம் இருக்காக. தோட்டத்து மோட்டார் ரூமுல போயிப் படுத்துக்கிட்டாகன்னு சொல்ல வந்தேன். வீரபாண்டித் திருவிழா முடிஞ்ச மறுநா பாயைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போனவுகதேன். காலையில வருவாக, நீச்சத்தண்ணியக் குடிப்பாக, பொழுது சாஞ்சா ராச்சோத்துக்குத் தூக்குவாளிய நீட்டுவாக, வாங்கிட்டுப் போயிருவாக. ஒரு சண்டை சத்தம் போட்டாலாச்சும் மனசு ஆறும். அதுவும் இல்ல. அன்னாடம் படி தாண்டி வாரதும் போறதும்... பால்காரன் மாதிரி! பால்காரன்கூட நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவான்.

ஊருல என்ன பேசுறாளுக தெரியுமா? ராமுத்தாய் புருசன அடிச்சு விரட்டிப்புட்டாளாம். தண்ணிக் கொழாயில பேசிக்கிறாளுக. நான் அடிச்சா அவுக மோட்டார் ரூமுக்கா போவாக, நேரா போலீஸ் டேசனுக்குல்ல போவாக! சிரிக்காதத்தா. சிரிக்கிற வெசயமா இது. ராத்திரி இம்புட்டுப் பெரிய வீட்டுல ஒத்தையில கெடக்கேன். முந்தி அவுக கொறட்டைச் சத்தத்துல தூக்கம் வரலைன்னு ஏசுவேன். இப்ப அது கேக்கலைன்னு தூக்கம் வர மாட்டேங்குது. ஆருகிட்டப் போயிச் சொல்றது இதை.

எதுக்குப் போனாகன்னா... புழுக்கம். இந்தா இந்த எழவெடுத்த புழுக்கந்தேன். நீ உள்ள வந்ததுமே ஒனக்கு மூக்குல அந்த நாத்தம் ஏறலை? ஊறப்போட்ட சாக்கு நாத்தம். ஒரு மாசமா இந்த வாடைதேன். அடுப்படிக்கு வா, உப்பு ஜாடியக் காட்டுறேன். உக்காரு உக்காரு, வாயாலயே சொல்லிர்றேன். கல்லுப்பு பூராம் கசிஞ்சு, ஜாடிக்கடியில ரெண்டு கரண்டி தண்ணி நிக்கிது. தீப்பெட்டி உரச மாட்டேங்குது. அப்பளம் பொரிச்சு எறக்கி, கொழம்ப ஊத்தித் திரும்புறதுக்குள்ள நமுத்துத் தொங்குது, நனைஞ்ச பேப்பரு மாதிரி. இந்த வீட்டுல உப்பு கசிஞ்சு நாங்கண்டதே இல்லத்தா. அடை மழையிலகூட உப்பு பொலபொலன்னு இருக்கும்.

ஏன்னா இது மண்செவரு. ஒன்றரை அடி மொத்தம். செம்மண்ணக் கொழைச்சு வச்சது. வெளிய வெயிலு மண்டையப் பொளக்கும், உள்ள காலெடுத்து வச்சா பானைத் தண்ணியில மொகங் கழுவுன மாதிரி இருக்கும். சனிக்கெழமை கோயிலுக்கு வாரவுக, சனீசுவரருக்கு எள்ளு வெளக்கப் போட்டுட்டு, தண்ணி குடிக்க இங்கன வந்து நிப்பாக. நின்னவுக போக மாட்டாக. உள்ள ஏசி போட்டிருக்கீகளாம்மான்னு ஒரு கோயம்புத்தூருக்காரரு கேட்டாரு. அம்புட்டுதேன், எங்க வீட்டுக்காரு புடிச்சுக்கிட்டாக அந்த மனுசன. இவுகளுக்குத்தேன் செவத்தப் பத்திப் பேச ஆரு கெடைப்பான்னு இருக்குமே.

"மத்தியான வெயிலு இந்தச் செவத்துக்குள்ள ஏறி, உள்பக்கம் வந்து சேர்றதுக்குள்ள பொழுது விழுந்துரும்யா. வந்து சேரயில நாங்க கதவத் தொறந்து வச்சிருப்போம். மேகமலைக் காத்து வந்து சூட்டத் தூக்கிட்டுப் போயிரும். காத்துல ஈரம் கூடுனா செவரு குடிச்சுக்கிரும், காத்து காஞ்சா திருப்பி விட்டுரும்"னு பேசுனாக பேசுனாக, அந்தாளுக்குப் பஸ்ஸே போயிருச்சு. ராத்திரி இங்கன படுத்துட்டுத்தேன் போனாரு. எனக்கு இந்தப் பேச்சக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. செவரப் பத்திப் பேசுன பேச்சுல பாதி என்னையப் பத்திப் பேசியிருந்தாலும்...

சரி, அத விடு. என்ன கேட்ட? ஆமா, சிமெண்டு நாந்தேன் பூசச் சொன்னேன். ஏன், ஊரு ஒலகத்துல ஆரும் பூசலையா?

கேளு, ஞாயத்தக் கேளு. என் கூடப்பொறந்தவ ஒருத்தி இருக்கா, மகாலட்சுமி, உத்தமபாளையத்துல. தரையில டைல்சு, செவத்துல டைல்சு, கக்கூசுல டைல்சு, அவ வீட்டுல எங்கன நின்னாலும் ஒன் மூஞ்சி ஒனக்கே தெரியும். போன வருசம் திருவிழாவுக்கு வந்தா. இந்தச் செவத்துல சாஞ்சுதேன் உக்காந்திருந்தா. எந்திரிச்சா, பட்டுச்சேலையில மண்ணு. தட்டிவிட்டுக்கிட்டே "ஏக்கா, இன்னுமா ஒன் வீட்டுல மண்ணு உதிருது?"ன்னா. அதச் சும்மா கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்லத்தா. தன் சம்பந்தகாரியக் கூட்டியாந்து வச்சுக்கிட்டுக் கேட்டா! அந்தம்மா வேற என்னையப் பாத்து, ஐயோ பாவம்ங்குற மாதிரி மொகத்த வச்சுக்கிருச்சு. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், அடுத்த திருவிழாவுக்கு நீ வா மகளே, ஒன் சேலையில ஒரு பொட்டு மண்ணு ஒட்டுதான்னு பாத்துருவோம்னு.

இந்த வருசம் சித்திரை பொறந்ததும் எங்க வீட்டுக்காரு மலைக்கு ஏலத்தோட்டத்து வேலைக்குப் போயிட்டாக, திருவிழாவுக்கு எறங்கி வாரேன்னு. இதான் சமயம்னு நம்ம ஒச்சாண்டிக் கொத்தனாரக் கூப்புட்டேன். உள்ள வெளிய ரெண்டு பக்கமும் சிமெண்டு. செவத்து ஓரத்துல மண்ணு தெரியாம சுத்திச் சிமெண்டுத் தளம். அதுக்கு மேல பட்டி பாத்து, ரோஸ் கலருல பிளாஸ்டிக் பெயிண்டு. ஈரத்துணியில தொடைச்சாப் போதும், அழுக்கு போயிரும்னான் கடைக்காரன். தொடைச்சேனே! அழுக்கு வரலை, செவருல்ல உரிஞ்சு வந்துச்சு!

அந்தப் போனை வையித்தா. பெரியவ பேசிக்கிட்டிருக்கேன், சும்மா சும்மா அதையே தடவிக்கிட்டு. பஸ்ஸுக்கு இன்னும் நேரங் கெடக்கு. ஒங்க வீட்டுக் கடைக்கு வாழைத்தாரு வேணும்னு எங்க வீட்டுக்காருக்குத்தேன் போட்டிருப்ப... அவுக போனை எடுத்தாத்தேன? நாம்போட்டா எடுக்கவே மாட்டாக. ஒனக்குன்னா எடுப்பாக.

எங்கன விட்டேன்? ஆங், பெயிண்டு. திருவிழா முடிஞ்சு சொந்தக்காரவுக போன கையோட ஆரம்பிச்சது பாரு. மொதல்ல ஒரு பொக்களம், இந்தா, இந்த சுவிச்சுக்குப் பக்கத்துல. அப்பறம் ரெண்டு. அப்பறம் செவரு பூராம். பொக்களம்னா சும்மா இல்ல, அமுக்குனா தண்ணி ஓடுது உள்ள. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் திருவிழா எடுத்த மாசத்துல வீட்டுச் செவத்துல அம்மை போட்ட மாதிரி பொக்களம் வந்தா என்ன நெனைப்ப? நீ சர்ச்சுக்குப் போறவ, ஒனக்கு வேற மாதிரித் தெரியும். நான் வேப்பிலை பறிச்சாந்து சொருகுனேன். இந்தா பாரு, காம்பு இன்னும் தொங்குது. தலைக்குத் தண்ணி ஊத்துற மாதிரி மூணாம் நாளு செவத்துக்கும் மஞ்சத்தண்ணி தெளிச்சு... சிரிக்கிற பாத்தியா! சிரிச்சாலும் சத்தம் வராமத்தேன் சிரிக்கிற. நல்லாத்தேன் வளத்திருக்காக.

இவுக மலையிலருந்து வந்து எறங்குனாகள்ல, திருவிழாவுக்கு மொத நாளு? செவரு பளபளன்னு இருக்கு. சந்தோசப்படுவாகன்னு வாசல்லயே நிக்கேன், மொகத்தையே பாத்துக்கிட்டு. உள்ள வந்தாக. செவத்துல உள்ளங்கைய வச்சாக. அப்பறம் வெரலால தட்டுனாக, டொக்கு டொக்குன்னு. நல்லாருக்கான்னு கேட்டேன். கொல்லைப்பக்கம் கால் கழுவப் போயிட்டாக. விருந்தாளுக இருக்கிற வரைக்கும் அவுகளோட சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாக. எல்லாரும் போனாகளா, பாயைச் சுருட்டுனாக.

ஒண்ணுமே பேசலைன்னு சொல்ல முடியாது. ஒண்ணே ஒண்ணு சொன்னாக. படியில நின்னு திரும்பிப் பாத்து, "செவத்துக்கு மழைக்கோட்டு மாட்டி விட்டுட்டியே ராமுத்தாயி"ன்னாக.

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. மழைக்கோட்டாம்! மலையில ஏலத்தோட்டத்துல அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டுத்தேன் வேலை பாப்பாக. வெளிய மழை நனைக்காது, உள்ள வேர்த்து வேர்த்துச் சட்டையப் புழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி வரும்னு இவுகளே சொல்லுவாக. மழையில நனைஞ்சாக்கூட காஞ்சிருமாம், கோட்டுக்குள்ள நனைஞ்சா காயாதாம். அதுக்கும் செவத்துக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்குறதுக்குள்ள தெருமொனை தாண்டிட்டாக.

சும்மா விட்டேனா? போன வாரம் மத்தியானம் தூக்குவாளியில சோத்த எடுத்துக்கிட்டு, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துர்றதுன்னு தோட்டத்துக்குப் போனேன். வழி பூராம் பேச்ச மனப்பாடம் பண்ணிக்கிட்டே போனேன். மொதல்ல இதக் கேக்கணும், அப்பறம் இதக் கேக்கணும், கடைசியா அழுகணும்னு. போனா, மனுசன் வாழைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு அந்தக் கடைசியில நிக்கிறாக. வரட்டும்னு மோட்டார் ரூமுக்குள்ள உக்காந்தேன். அதுவும் மண்செவருதேன், ஆனா சிமெண்டுங்குறத மொகத்துல பாக்காத செவரு. வெயில்ல நடந்து வந்த முதுகு, சாஞ்சேன்... அம்மாடி. அது என்ன குளிர்ச்சிங்குற! ஈரம் இல்ல, பிசுபிசுப்பு இல்ல. பச்சப்புள்ளைக்கு விசிறி விட்ட மாதிரி. பேச வேண்டியத ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிருவோம்னு கண்ண மூடுனேன்.

தூங்கிட்டேன்த்தா! சண்டைக்குப் போனவ வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா சாயங்காலம். தூக்குவாளி காலியாக் கழுவிக் கவுத்தி வச்சிருக்கு. என் தலைக்கடியில அவுக துண்டு. மனுசனக் காணோம், மறுபடியும் வாழைக்குள்ள போயிட்டாக. ரவிக்கை முதுகு பூராம் மண்ணு. அதத் தட்டக்கூட மனசு வரலை எனக்கு. அப்பிடியே வீட்டுக்கு வந்து, இந்த ரோஸ் செவத்தப் பாத்தேன் பாரு... வயித்தெரிச்சல்! நேரா வேல்பாண்டி வீட்டுக்குப் போயிட்டேன். ஒன் வீட்டுப் பாத்ரூமு தண்ணி என் குடும்பத்தப் பிரிச்சுப்புடுச்சு, நாளைக்கே ஒடைச்சுப் பாரு, இல்லைன்னா பஞ்சாயத்தக் கூட்டுவேன்னு சத்தம் போட்டேன். மறுநாளே ஒடைச்சுட்டான். என் வாய்க்குப் பயந்தவன்.

ஆதாரம் இல்லாம நான் பேசுவேனா ஜான்சி? ஒனக்கு மொகத்துக்கு நேரா சொல்லச் சங்கடமா இருந்துச்சு, அதேன் இம்புட்டு நாளா சொல்லலை. இப்ப சொல்றேன். நீ தலைக்கு மருதாணி போடுறியா இல்லையா? அதான், அந்தப் பாக்கெட்டு மருதாணி. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம தலையில அப்பிக்கிட்டு மாடியில நிப்பியே. அத எங்கன அலசுற? பாத்ரூமுல. இப்ப இங்கன பாரு.

அந்தத் தோசைக்கரண்டிய எடு. ஆங், குடு. இந்தப் பொக்களத்தக் குத்துறேன் பாரு. உள்ளங்கையில ஏந்துறேன். பாத்தியா கலரு? செவப்பு! பழஞ்செவப்பு. இந்தா, கீழயும் பாரு, செவத்துல எறங்கியிருக்கிற கறை எல்லாம் இதே கலரு. வெறுந் தண்ணியா இருந்தா வெள்ளையா வரணும்ல? மண்ணு கரைஞ்சு வந்தா கலங்கலா வரணும்ல? இது சாயம். மருதாணிச் சாயம்! இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணுங்குற?

என்னது? ஒரு வாரமா அங்கன நீ குளிக்கவே இல்லியா... அது சரிதேன். ஒடைச்சுல்ல போட்டிருக்கு. இங்கனதேன் குளிக்கிற. ஆனா செவத்துல தண்ணி கொறையலை... ம். அதுக்கு முன்னாடி ஊத்துனது இருக்கும்ல? என்னத்தா? நீங்க குடி வந்ததே வைகாசி பொறந்துதேனா? அட ஆமா, திருவிழாவுக்கு அப்பறந்தேன வந்தீக. நாந்தேன பால் காய்ச்ச வெறகு குடுத்தேன். வந்த மொத நாளே ஒன் வீட்டுக்காரரு, "என்னம்மா, செவத்துல பொக்களம்"னு கேட்டாரு... கேட்டாருதேன். அப்பயே இருந்துச்சு.

பின்ன மருதாணி இல்லைன்னா இது என்னத்தா? சொல்லு. உள்ளங்கையில வச்சுக்கிட்டு நிக்கேன்ல. மருதாணியில்ல, மண்ணில்ல, வேற என்ன? வீட்டுக்குள்ள செவப்புத் தண்ணி எங்கிட்டிருந்து வரும்? செவத்துக்கு ஆரும் ஆரத்தி சுத்தி ஊத்துனாகளா...

ஆரத்தி.

இரு. இரு இரு இரு. ஒண்ணும் பேசாத. நீ எங்க பேசுற... சும்மா இரு செத்த நேரம்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கும். அதான ஆரத்தி. சிமெண்டும் சுண்ணாம்புக்குச் சொந்தக்காரிதேன். ஐயோ ஜான்சி... ஐயய்யோ.

கம்பம். கம்பம் நட்ட அன்னைக்குத்தேன் ஒச்சாண்டி பூசி முடிச்சான். வீரபாண்டியில கோயிலுக்கு முன்னால மூணு கொப்பு வச்ச கம்பத்த நடுவாகள்ல, நீ தேனிக்காரி, பாத்திருப்ப. அன்னையிலருந்து திருவிழா வரைக்கும் பொம்பளைக அன்னாடம் ஆத்துல முங்கி, மஞ்சத்தண்ணி கொண்டு போயிக் கம்பத்துக்கு ஊத்துவோம். வருசா வருசம் நானும் போவேன். இந்த வருசம் முட்டி வலி. பஸ் ஏற முடியலை. நேந்துக்கிட்டதை விடவும் மனசில்ல. ஒச்சாண்டி போகயில, "யக்கா, ரெண்டு மூணு நாளைக்குக் காலையும் மாலையும் செவத்த நனைச்சு விடுங்க, இல்லைன்னா வெடிச்சுப் போகும்"னான். எனக்கு அப்பிடியே ஆத்தாளே வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு. அம்மனுக்கும் ஆச்சு, செவத்துக்கும் ஆச்சுன்னு, வீரபாண்டி இருக்கிற தெசையப் பாத்துக் கும்புட்டுட்டு, கொடங்கொடமா மஞ்சத்தண்ணி கரைச்சு... இந்தச் செவத்துக்கு ஊத்துனேன்.

ரெண்டு மூணு நாளா? பெயிண்டுக்காரன் வார வரைக்கும் ஊத்துனேன்! காலையும் மாலையும் ஊத்துனேன். உள்பக்கமும் ஊத்துனேன், வெளிப்பக்கமும் ஊத்துனேன். கொடத்துக்குக் கை வலிச்சப்ப ஓஸ்பைப்பப் போட்டு விட்டுட்டு உக்காந்து கும்புட்டேன். மொத நாளு ஊத்துனதும் செவரு செவந்துச்சு பாரு, அம்மன் எறங்கிட்டான்னு கன்னத்துல போட்டுக்கிட்டு ஊரக் கூட்டிக் காமிச்சேனே! பெயிண்டுக்காரன் வந்து, "ஈரமா இருக்கே, காயட்டுமே"ன்னான். மகாலட்சுமி நாளைக்கு வந்துருவா, நீ அடிடான்னு நின்னு அடிக்க வச்சேன். ஈரத்த உள்ள வச்சு, மேல பிளாஸ்டிக்கப் போட்டு மூடி... மழைக்கோட்டு. மழைக்கோட்டுதேன். மனுசன் சரியாத்தேன் சொல்லியிருக்காக.

செவத்து மேல தப்பில்ல. ஒன் மேலயும் தப்பில்ல. நாந்தேன் ஊத்துனேன். அம்புட்டுத் தண்ணியும் நாந்தேன் ஊத்துனேன்.

என்ன பாக்குற? மறுபடியும் போனா? நோண்டு, நல்லா நோண்டு. ஒன்னையச் சொல்ல எனக்கு இனி என்ன வாயி இருக்கு. அந்த வேல்பாண்டி மொகத்துல எப்பிடி முழிப்பேன்னுதேன் தெரியலை. நல்லா இருந்த பாத்ரூம ஒடைக்க வச்சுட்டேனே. ஒரு வாரமா ஒரு புள்ளைய அலைய விட்டுட்டேனே. நீயும் ஒரு தடவையாச்சும், "ஏம்மா, மூளை இருக்கா?"ன்னு கேட்டிருக்கலாம்ல? இம்புட்டு நல்லவளாவா இருக்கிறது?

தள்ளு. ஸ்டூலத் தள்ளிப் போடு. இந்தக் கோட்ட இன்னைக்கே கழத்துறேன். தோசைக்கரண்டி போதும் இதுக்கு. இந்தா, விளிம்புல குடுத்து நெம்புனா... ஏ ஆத்தாடி! தள்ளிப் போ! பாத்தியா, அப்பளமாட்டம் வருது. சிமெண்டு செவத்தப் புடிக்கவே இல்லத்தா, சும்மா சாத்தி வச்ச பலகை மாதிரி நின்னிருக்கு. உள்ள பாரு, மண்ணு களி மாதிரி ஊறிப் போயி... பாவமே. மூக்கையும் வாயையும் பொத்தி வச்சிருக்கேனே ஒன்னைய. எத்தன வெயிலத் தாங்குன செவரு. இன்னுங் கொஞ்ச நாளு விட்டிருந்தா கரைஞ்சு தலையிலயே விழுந்திருக்கும். இந்தப் பக்கம்... இந்தா, இன்னொண்ணு. மகாலட்சுமி வந்து பாத்தா பாத்துட்டுப் போறா. சேலையில மண்ணு ஒட்டுனா ஒட்டட்டும். உதறத் தெரியாதா அவளுக்கு?

என்ன சத்தம்? வண்டிச் சத்தமா? நம்ம வண்டி மாதிரி இருக்கு. இந்நேரத்துக்கு வர மாட்டாகளே. காலையில வந்து நீச்சத்தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டாகளே...

ஏங்க, என்னங்க? என்ன இந்நேரத்துக்கு? எதுக்குக் கடப்பாரையத் தூக்கிட்டு வாரீக? என்னைய அடிக்கிறதா இருந்தா அந்தத் தென்னமட்டையே போதும், அதுக்கு ஏன் அம்புட்டுக் கனத்தத் தூக்கிக்கிட்டு... ஆரு சொன்னா ஒங்களுக்கு? இப்பத்தேன எனக்கே தெரியும்! என்னத்தப் போன்ல காமிக்கிறீக? எனக்கு எழுத்தா தெரியும். கேக்கவா? என்னத்தக் கேக்க...

"அம்புட்டுத் தண்ணியும் நாந்தேன் ஊத்துனேன்."

ஆரு கொரலு இது? என் கொரலு! ஏ ஜான்சி! ஊமைக் கோட்டானாட்டம் உக்காந்திருந்துக்கிட்டு என்ன வேலை பாத்திருக்கா பாருங்க! நாம்பேசுறத பூராம் புடிச்சு இவுகளுக்கு அனுப்பி... எங்க அவ? இங்கனதேன இருந்தா. ஸ்டூலு காலியா இருக்கு. சோப்பு டப்பாவக் காணோம்.

சிரிக்கிறீகளா? சிரிங்க, நல்லாச் சிரிங்க. செவத்துல கைய வச்சுக்கிட்டு என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு. எம்புட்டு நாளாச்சு இந்தச் சிரிப்பப் பாத்து... எனக்குக் கண்ணுல தூசி. சிமெண்டுத் தூசி, வேற ஒண்ணுமில்ல. குடுங்க அந்தக் கடப்பாரைய. இல்ல, நீங்களே தட்டுங்க, ஒங்களுக்குத்தேன் அதோட நோவு தெரியும். காய எம்புட்டு நாளு ஆகும்? ஆடிக் காத்து வரணுமா? அது வரைக்கும் மோட்டார் ரூமுதேனா? ஏன் பேச மாட்டேங்குறீக, மறுபடியுமா?

அது என்ன, வண்டிப் பின்னால கட்டியிருக்கு? சுருட்டி... பாயா? பாயவா கொண்டாந்துட்டீக?

வாசல்ல படுத்துக்கிருவீகளா. படுங்க, வாசல்ல படுங்க. எங்கனயாச்சும் என் கண்ணு முன்னால படுங்க. செவரு காயயில காயட்டும்.

ஏ ஜான்சி! கேக்குதா? தண்ணி விழுற சத்தத்துல எங்க கேக்கப் போகுது... ஏத்தா! கள்ளி! அவசரப்படாமக் குளி. தொட்டி ரெம்பித்தேன் கெடக்கு. எம்புட்டு வேணும்னாலும் ஊத்து. தலைக்கு மருதாணி போடுறதா இருந்தாலும் இங்கனயே போட்டு அலசிட்டுப் போ. இனிமே ஒன்னைய ஆராச்சும் ஒரு வார்த்தை கேட்டா, என்கிட்ட அனுப்பு!